நிபா: தொடர்புப் பட்டியலில் 1,000 பேர் என்றால் பயப்படணுமா?

2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் நிபா பரவியபோது, "தொடர்புப் பட்டியல் ஆயிரத்தைத் தாண்டியது" என்ற செய்தி உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அது "ஆயிரம் பேருக்கு நிபா" என்று மாற அதிக நேரம் ஆகாது. உண்மையில் அந்த முறை நோய் உறுதியானது 6 பேருக்கு. இறந்தவர்கள் 2 பேர்.

அப்போ அந்த ஆயிரம் பேர் யார்? நோயாளியைக் கவனித்த நர்ஸ், பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், ஆம்புலன்ஸ் ஓட்டியவர், வீட்டில் கூடவே இருந்தவர்கள். இவர்களுக்கு நோய் வந்துவிடவில்லை, வருகிறதா என்று 21 நாள் கவனிக்கிறார்கள். வைரஸ் உடலில் நுழைந்தால் அறிகுறி தெரிய பெரும்பாலும் அதற்குள் நேரம் போதும். அந்தப் பட்டியலில் 300-க்கும் மேற்பட்டோர் சுகாதாரப் பணியாளர்கள்.

ஏன் இத்தனை மருத்துவமனை ஆட்கள்? 2018 மே மாதத்துக்குப் போனால் புரியும். கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் ஒரு இளைஞர் காய்ச்சலோடு தாலுகா மருத்துவமனைக்குப் போனார். பிறகு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே ஸ்கேன் பிரிவின் நடைபாதையில் அவர் இருந்த நேரத்தில், வேறு வேலையாக வந்தவர்களும் இருந்தார்கள். அவர் இறந்தபோது யாருக்கும் நிபா என்று சந்தேகமே வரவில்லை. சுமார் இரண்டு வாரம் கழித்து, அவருடைய அண்ணனுக்கும் அதே அறிகுறிகள் வந்தபோதுதான் டாக்டர்கள் உஷாரானார்கள். மணிப்பால் ஆய்வகமும் புனே தேசிய வைராலஜி நிறுவனமும் நிபாவை உறுதி செய்தன.

அந்த இரண்டு வாரத்துக்கான விலை என்ன? ஆய்வாளர்கள் கணக்கிட்ட 23 நோயாளிகளில் 21 பேர் இறந்தார்கள். முதல் நபரைத் தவிர மற்ற எல்லோருக்கும் மனிதர்களிடமிருந்துதான் தொற்றியது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் அவரைக் கவனித்த ஒரு நர்ஸும் இறந்தவர்களில் ஒருவர்.

இதைவிட மோசமானது 2001 சிலிகுரி. 66 பேர் பாதிக்கப்பட்டார்கள், அங்கேயும் முக்கியமாகப் பரவியது மருத்துவமனைகளில்தான். அது நிபா என்பதே சில வருடங்கள் கழித்து, சேமித்து வைத்த மாதிரிகளைச் சோதித்தபோதுதான் தெரிந்தது. 66, 23, 6 என்று மூன்று புள்ளிகளை வைத்து கிராஃப் போட்டால் எந்த எடிட்டரும் திட்டுவார், நியாயம்தான். ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் சங்கிலி அறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள கிராஃப் தேவையில்லை.

2023-லும் முதல் நோயாளி இறந்தபோது யாருக்கும் தெரியவில்லை என்பதையும் சொல்லணும். அவருக்கும் நிபாதான் என்று பிறகே உறுதியானது. இறந்த இரண்டாமவர், வேறொருவருக்குத் துணையாக அதே மருத்துவமனைக்கு வந்திருந்தவர். அதனால்தான் பட்டியலைப் பின்னோக்கி எழுதுகிறார்கள்: எந்தத் தேதி, எந்த நேரம், எந்த வார்டு. கேரளா வெளியிடும் ரூட் மேப்பில் பெயர் இருக்காது, இவை மட்டும் இருக்கும். அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்கள் தாங்களே போன் செய்கிறார்கள். அப்படித்தான் ஒரே நாளில் எண்ணிக்கை எகிறுகிறது.

நிபா வந்தவர்களில் 40 முதல் 75 சதவீதம் பேர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அனுமதி பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை. ஆனால் தட்டம்மை மாதிரி இது ஒருவரிடமிருந்து பத்து பன்னிரண்டு பேருக்குத் தாவாது. சராசரியாக ஒரு நோயாளி ஒருவருக்குக்கூடப் பரப்புவதில்லை, பெரும்பாலும் நெருக்கமாக இருந்தவர்களுக்குத்தான். ஆட்களைத் தேடிப் பிடிப்பது நிபாவில் பலன் தருவதற்குக் காரணமே இதுதான்.

அடுத்த முறை செய்தி வரும்போது பட்டியலின் நீளத்தை விட்டுவிடுங்கள். புதிதாக உறுதியானவர் ஏற்கெனவே பட்டியலில் இருந்தவரா என்று பாருங்கள். இருந்தவர் என்றால் கண்காணிப்பு வைரஸுக்கு முன்னால் ஓடுகிறது. இல்லாதவர் என்றால் எங்கோ ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது, கவலைப்பட வேண்டியது அப்போதுதான். புது நோயாளி யாரும் இல்லாமல் 42 நாள், அதாவது இரண்டு 21 நாள், கடந்த பிறகே கணக்கை மூடுவார்கள்.