தெருவிலிருந்து தெரு வரை ஒரே வீடு!

குட்டீஸ், தொப்பி எடுத்துக்கொண்டீர்களா? தண்ணீர் பாட்டில்? சரி, புறப்படலாம். இன்று நாம் சுற்றப்போவது சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கானாடுகாத்தான். நடந்தேதான் சுற்ற வேண்டும். வண்டியில் போனால் பாதிக்கு மேல் கண்ணில் படாது.

ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோலத் தெருக்கள் நேராக இருக்கின்றன, பார்த்தீர்களா? இப்போது ஒரு சின்ன விளையாட்டு. ஏதாவது ஒரு வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி, அடிகளை எண்ணிக்கொண்டே நடங்கள். பெரிய வீடாக இருந்தால் நூறைத் தாண்டிவிடும்! முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் இருப்பதெல்லாம் ஒரே வீடு.

கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். மாடி முகப்பில் சுதைச் சிற்பமாக கஜலட்சுமி அமர்ந்திருக்கிறாள். சில வீடுகளில் அவளுக்குப் பக்கத்திலேயே துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய் காவல் நிற்கிறான்!

அதோ, அந்தப் பெரிய மாளிகைதான் செட்டிநாடு அரண்மனை. 1912ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கட்டி முடித்தது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவரும் அவர்தான்.

இந்த வறண்ட பூமியில் இத்தனை பெரிய வீடுகள் எப்படி வந்தன? இங்குள்ள நகரத்தார்கள் பர்மா, மலேயா, இலங்கை, வியட்நாம் என்று கப்பலேறிப் போய் வட்டித் தொழில் செய்தார்கள். அதைக் 'கொண்டுவிக்கப் போவது' என்பார்கள். சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பி வீடு கட்டினார்கள். பணத்தோடு பொருளும் வந்தது. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி, இங்கிலாந்திலிருந்து இரும்புத் தூண்!

வாருங்கள், பார்வையாளர்களை அனுமதிக்கும் ஒரு வீட்டுக்குள் போவோம். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வாசலில் நின்று பார்த்தால் கடைசிக் கதவு வரை நேர்கோட்டில் தெரியும். காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். மின்விசிறி இல்லாத காலத்துக் கணக்கு இது.

வளவு என்பது வானம் பார்த்த முற்றமும் அதைச் சுற்றியுள்ள தாழ்வாரமும். தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. வீடு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொருவருக்கும் சமையல் தனி! ஒவ்வொரு குடும்பமும் ஒரு 'புள்ளி'. ஊரில் எத்தனை பேர் என்று கேட்கமாட்டார்கள், எத்தனை புள்ளி என்றுதான் கேட்பார்கள்.

'மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே கொட்டுமே?' என்கிறீர்களா? கொட்டட்டும் என்றுதான் கட்டினார்கள். நான்கு பக்க ஓட்டுக்கூரையிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் இறங்கும். அண்டா, குண்டான்களில் பிடித்துக்கொள்வார்கள். மிஞ்சியது வடிகால் வழியாக ஊருணிக்குப் போகும். வெளிநாட்டுச் சரக்குகளைவிட எனக்கு இதுதான் பெரிய அதிசயமாகப் படுகிறது.

சுவரைத் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கிறதா? இது பெயின்ட் இல்லை. சுண்ணாம்பைப் பல அடுக்குகளாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து வந்த பளபளப்பு.

காலுக்குக் கீழே பூப்பூவாக இருப்பது ஆத்தங்குடிக் கல். அது தயாராகும் ஆத்தங்குடி பக்கத்து ஊர்தான். கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறச் சிமென்ட் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்துகிறார்கள். பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறல். சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. கண்ணாடியைப் பிரித்தால் அதன் பளபளப்பு கல்லில் ஒட்டியிருக்கும்.

இனி பஸ் பிடித்துக் காரைக்குடி. அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சுவரில் சாய்த்து வைத்திருக்கும் அந்தக் கதவைப் பாருங்கள். யார் வீட்டு நிலைக்கதவோ! தூண், ஜன்னல், பீங்கான் தட்டு, எனாமல் தூக்கு எல்லாவற்றுக்கும் விலை உண்டு.

ஏன் இங்கே வந்தன? 1942ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தது. ஏராளமானோர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். 1962ல் அங்கே ராணுவ ஆட்சி வந்தபின், மிச்சமிருந்த தொழிலும் கைவிட்டுப் போனது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போனார்கள். தாத்தா கட்டிய வீட்டுக்கு இன்று பேரன், கொள்ளுப்பேரன் என்று ஏகப்பட்ட பங்காளிகள். ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் எல்லோரும் சேர வேண்டும். செலவு கட்டுப்படியாகாமல் சிலர் வீட்டைப் பிரித்து விற்றுவிட்டார்கள். பிரித்த வீட்டை மறுபடி கட்ட முடியாது. அந்த அளவு தேக்குக்கு எங்கே போவது? சிலர் ஹோட்டலாக மாற்றிக் காப்பாற்றியிருக்கிறார்கள். சிலர் கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் வந்து கதவைத் திறக்கிறார்கள்.

இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பழைய பகுதி முழுவதும் 1982லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. செட்டிநாட்டு ஊர்களை 2014ல் இந்தியா உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. அதாவது, வரிசையில் இடம் பிடித்தாயிற்று.

லீவில் போனால் ஒரு விஷயம். பல வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செருப்பைத் திண்ணைக்குக் கீழேயே விட்டுவிடுங்கள். மத்தியான வெயிலிலும் இத்தாலிக் கல் எப்படிச் சில்லென்று இருக்கிறது என்பது வெறுங்காலுக்குத்தான் தெரியும்.