கவிழ்த்துப் பார்த்தால் தெரியும் வயது

1351-ஆம் ஆண்டு சீனாவில் ஜாங் வென்ஜின் என்ற பக்தர் கோயில் ஒன்றுக்கு ஒரு தூபக்காலும் இரண்டு பெரிய பூச்சாடிகளும் காணிக்கை கொடுத்தார். வீட்டார் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்பது வேண்டுதல். நம் ஊர்க் கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி வைப்பதைப் போல, ஜாடிகளின் கழுத்தில் தன் பெயர், ஊர், ஆண்டு, மாதம் எல்லாவற்றையும் நீல எழுத்தில் எழுத வைத்தார். தூபக்கால் தொலைந்துவிட்டது. சுமார் 63 சென்டிமீட்டர் உயரமுள்ள அந்த ஜாடிகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. யானைத் தலை வடிவில் கைப்பிடிகள். உடலைச் சுற்றி வளைந்தோடும் டிராகன். பழைய சீன நீல-வெள்ளைப் பீங்கானைச் சேகரிப்பவர்களுக்கு இவற்றைவிட முக்கியமான ஜோடி உலகில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 1920-களில் இவை லண்டன் சந்தைக்கு வந்தபோது ஆண்டு பொறித்திருந்தும் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. தரமான நீல-வெள்ளைப் பீங்கான் மிங் வம்ச காலத்தில்தான் பிறந்தது, அதற்கு முந்தைய மங்கோலிய யுவான் ஆட்சியில் இவ்வளவு நேர்த்திக்கு வாய்ப்பே இல்லை என்பது அன்றைய எண்ணம். மியூசியத்தைச் சேர்ந்த ஆர்.எல். ஹாப்ஸன் 1929-இல் இவற்றைப் பற்றி எழுதினார், அதுவும் எடுபடவில்லை. ஜாடிகளைத் தனித்தனியாக வாங்கி மறுபடி ஜோடி சேர்த்தவர் சர் பெர்சிவல் டேவிட். பம்பாயில் பிறந்தவர், பேங்க் ஆஃப் இந்தியாவை நிறுவியவர்களில் ஒருவரான சசூன் டேவிட்டின் மகன்.

1950-களில்தான் அமெரிக்க ஆய்வாளர் ஜான் அலெக்ஸாண்டர் போப் விஷயத்தை முடித்து வைத்தார். இந்த ஜாடிகளை அளவுகோலாக வைத்துக்கொண்டு, இஸ்தான்புல் டோப்காபி அரண்மனையிலும், 1611-இல் ஷா அப்பாஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீங்கான்களைக் கொடையளித்த ஈரானின் அர்தபீல் தர்காவிலும் இருந்த சேகரிப்புகளை ஒப்பிட்டார். யுவான் காலப் பொருட்கள் ஒன்றல்ல, பல இருந்தன. நம் கரையும் சீனப் பீங்கான் மேற்கே போன கப்பல் பாதையில்தான் இருந்தது. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வில் அதே காலத்துச் சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்திருக்கின்றன.

அந்த ஜோடி ஜாடிகளில் எழுத்து உண்மை சொன்னது, நம்ப ஆளில்லை. பிற்காலச் சரக்கில் கதை தலைகீழ். எழுத்து பொய் சொல்கிறது, நம்புவதற்கு ஆள் வரிசையில் நிற்கிறது.

பீங்கானின் அடியில் ஆறு சீன எழுத்துகள் இருந்தால், பெரும்பாலும் 'மாபெரும் இன்ன வம்சத்து இன்னார் ஆட்சியில் செய்தது' என்று பொருள். புதிதாகச் சேகரிக்க வருபவர் முதலில் பாய்வது அதன்மேல்தான். ஆனால் 1677-இல், அப்போது ஆண்ட காங்ஷி சக்கரவர்த்தியின் பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாது என்று, பீங்கான் சூளைகளுக்குப் பேர்போன ஜிங்தேஜென் நகரத்து அதிகாரி உத்தரவு போட்டார்; உடைந்த சில்லு குப்பைக்குப் போனால் அரசர் பெயருக்கு இழுக்கல்லவா! குயவர்கள் வெறும் இரட்டை வட்டம் போட்டார்கள், இலை வரைந்தார்கள், அல்லது இருநூறு ஆண்டுக்கு முந்தைய செங்குவா அரசரின் பெயரைத் தாராளமாக எழுதினார்கள். ஏமாற்றும் நோக்கம் எப்போதும் இருந்தது என்று சொல்ல முடியாது. முன்னோர் மீதுள்ள மரியாதையும் அதில் சேர்த்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டு வந்ததும் காங்ஷி பெயருக்கே அந்தக் கதி நேர்ந்தது.

அதனால் தேர்ந்தவர்கள் எழுத்தைக் கடைசியில்தான் படிக்கிறார்கள். முதலில் விரலால் அடி வளையத்தைத் தடவுகிறார்கள். சூளையில் பாத்திரம் நின்ற இடம் அது. மெருகு ஏறாமல் வெறும் மண் தெரியும். மிங் காலச் சரக்கில் அந்த மண், மெருகோடு சேரும் ஓரத்தில் லேசாகச் செம்பழுப்பு ஏறியிருப்பதைப் பல நேரம் காணலாம். ஏற்றுமதிக்கென்று அவசரமாகச் செய்தவற்றில் சூளை மணல் ஒட்டிக்கொண்டிருக்கும். பல தலைமுறை மேசையில் இழுபட்ட வளையம் ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் தேய்ந்திருக்கும். சுற்றிலும் ஒரே சீராகக் கீறல் இருந்தால், யாரோ உப்புத்தாளோடு உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்தது நீலம். ஜிங்தேஜென்னில் கயோலின் களிமண்ணையும் பீங்கான் கல்லின் பொடியையும் கலந்து பாத்திரம் வனைவார்கள். காய்ந்ததும், சுடுவதற்கு முன்பே, கோபால்ட் கரைசலால் அதன்மேல் வரைவார்கள். பச்சை மண் சாயத்தை உடனே உறிஞ்சிக்கொள்ளும். கை பிசகினால் அழிக்க வழியில்லை. அப்போது அது நீலமாகவும் இருக்காது. மெருகு பூசி சுமார் 1300 டிகிரி சூட்டில் வெந்த பிறகுதான் நீலம் வெளிவரும். ஆரம்பகாலக் கோபால்ட் பாரசீகப் பக்கமிருந்து வந்தது. அதில் இரும்பு அதிகம். சாயம் தேங்கிய இடங்களில் கருத்த புள்ளிகளாகத் திரண்டு மெருகுக்குள் அமுங்கியிருக்கும்.

குறை என்று கழிக்க வேண்டிய இந்தக் கரும்புள்ளிக்குப் பிற்காலத்தில் ஏகப்பட்ட மவுசு. பதினெட்டாம் நூற்றாண்டுக் குயவர்களுக்குக் கிடைத்த கோபால்ட் சுத்தமானது, திட்டு விழாது. ஆகவே தூரிகை நுனியால் ஒவ்வொரு புள்ளியாக வேண்டுமென்றே வைத்தார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால், கோடு முழுக்க ஒழுங்காக விழுந்த அந்தப் புள்ளிகள் காட்டிக் கொடுத்துவிடும்.

இதெல்லாம் கோடீஸ்வரர்களின் ஆட்டம் என்று நினைக்க வேண்டாம். 2005-இல் லண்டன் ஏலத்தில் ஒரு யுவான் ஜாடி 1.5 கோடி பவுண்டுக்கு மேல் போனது உண்மைதான். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வீட்டு வாசல் விற்பனையில் 35 டாலருக்கு வாங்கிய கிண்ணம், 2021-இல் 7 லட்சம் டாலருக்கு மேல் விலைபோன செய்தியும் உலகம் சுற்றியது. ஆனால் சாதாரணச் சேகரிப்பாளர்களின் அலமாரியில் இருப்பது பெரும்பாலும் கடலடிச் சரக்கு. 1752-இல் தென்சீனக் கடலில் மூழ்கிய டச்சுக் கப்பல் கெல்டர்மால்சனின் சுமார் 1,50,000 பீங்கான்கள் 1986-இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலத்துக்கு வந்தன. 1822-இல் மூழ்கிய டெக் சிங் என்ற சீனக் கப்பலிலிருந்து சுமார் 3,50,000. அள்ளி எடுத்தவர்கள் விற்பனையைத்தான் பார்த்தார்கள், கப்பலின் வரலாற்றைப் பதிவு செய்யவில்லை என்று தொல்லியலாளர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதேசமயம், எந்த ஆண்டில் எந்தச் சரக்கு கப்பலேறியது என்பதற்கு இதுபோல உறுதியான சான்று வேறில்லை.

போலிகளும் ஓயவில்லை. அதே ஜிங்தேஜென்னில் இன்றும் அபாரமான நகல்கள் தயாராகின்றன. உடைந்த பழைய பாத்திரத்தின் அசல் அடியை வெட்டியெடுத்துப் புது உடலில் பொருத்தும் வேலையும் உண்டு. அப்போது அடி வளையமும் கைவிட்டுவிடும்.

2022 அக்டோபரில் பிரான்ஸின் ஃபோன்டன்ப்ளோ நகரில் டிராகன் வரைந்த ஒரு நீல-வெள்ளை ஜாடி ஏலத்துக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு என்று நிபுணர் தீர்ப்பு. மதிப்பீடு 2,000 யூரோ. பதினெட்டாம் நூற்றாண்டு என்று நம்பிய சீன வாங்குநர்கள் போட்டி போட்டார்கள். கட்டணங்கள் சேர்த்து 90 லட்சம் யூரோவைத் தாண்டியது. ஏல நிறுவனம் கூட்டத்தின் பக்கம் சாய்ந்து நிபுணரை அனுப்பிவிட்டது. அவரோ தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.