சந்தையும் உடலும் – 6: நட்டத்தைவிட வாட்டும் நிச்சயமின்மை

பங்குச்சந்தையில் நாள்தோறும் வாங்கி விற்கும் குறுகியகால வணிகர்களை, அதாவது டிரேடர்களை, வாட்டி எடுப்பது நட்டம்தான் என்பது பரவலான எண்ணம். நட்டம் வந்தால் பதற்றம் கூடும், இலாபம் வந்தால் அது தானே அடங்கிவிடும் என்ற இந்தக் கணக்கை நம்பியே அவர்களுக்கான அறிவுரைகளில் பெரும்பகுதியும் சொல்லப்பட்டு வருகிறது. ஆனால் வணிகர்களின் உடலையே அளந்து பார்த்த ஆய்வுகள், அவர்களை அரிப்பது அடுத்து என்ன நிகழும் என்று தெரியாத நிலைதான் என்று காட்டியுள்ளன. இறுக்கத்தைத் தளர்த்தும் வழிகளைத் தேடுவோர் முதலில் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது.

பெருநிதி நிறுவனங்களில் வணிகராகப் பணியாற்றிப் பின்னர் நரம்பியல் ஆய்வுக்கு மாறியவர் ஜான் கோட்ஸ். அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜோ ஹெர்பர்ட்டுடன் சேர்ந்து, லண்டனில் ஒரு வணிகத் தளத்தில் பணியாற்றிய 17 ஆண்களிடமிருந்து, எட்டு வேலைநாள்கள் தொடர்ந்து, காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் உமிழ்நீர் மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றில் அளக்கப்பட்டவற்றுள் ஒன்று கார்ட்டிசால். சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகளில் ஊறும் இந்த இயக்குநீர், நெருக்கடி வேளையில் இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி, செரிமானம் போன்ற அவசரமற்ற வேலைகளைத் தள்ளிவைத்து, உடலைப் போராட்டத்துக்கு ஆயத்தமாக்குகிறது. நட்டமடைந்த நாளில் அது உயரும் என்பதே எதிர்பார்ப்பாக இருந்தது. ஆனால் 2008-இல் வெளியான முடிவுகளின்படி, கார்ட்டிசாலின் ஏற்றம் நட்டத்தோடு ஒட்டிவரவில்லை; வணிகரின் வரவுசெலவு எவ்வளவு தாறுமாறாக ஏறி இறங்கியது, சந்தை எவ்வளவு அலைபாய்ந்தது என்பவற்றோடுதான் ஒட்டிவந்தது.

சந்தைக்கு வெளியே நடந்த ஒரு சோதனையும் இதையே உறுதிசெய்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றோர் கணினித் திரையில் தோன்றும் பாறையின் அடியில் பாம்பு உள்ளதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின்னதிர்ச்சி தரப்படும். அதிர்ச்சி கட்டாயம் உண்டு என்று தெரிந்த கட்டத்தைவிட, உண்டா இல்லையா என்பது சரிபாதியாக நின்ற கட்டத்தில்தான் வியர்வையும் கண்மணியின் விரிவும் உச்சத்தைத் தொட்டன. இந்தியப் பங்குச்சந்தையில் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை ஒவ்வொரு நொடியும் விலை மாறும் திரையின் முன் அமர்ந்திருப்பவரின் உடல் இப்படிப்பட்ட சரிபாதிக் கட்டத்திலேயே நாளெல்லாம் நிற்கிறது.

இந்த நிலை நீடிக்கும்போது துணிவும் மாறுகிறது. கோட்ஸ் உள்ளிட்ட குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர்களுக்கு எட்டு நாள்கள் மருந்து கொடுத்து, லண்டன் வணிகர்களிடம் காணப்பட்ட ஏற்றத்தை ஒத்த அளவுக்கு, அதாவது 69 விழுக்காடு, கார்ட்டிசால் உயர்த்தப்பட்டது. உயர்வு நாள்கணக்கில் நீடித்தபின் அவர்கள் ஆபத்துள்ள தெரிவுகளிலிருந்து வெகுவாகப் பின்வாங்கினர். தம் இயல்பு மாறாதது என்று நம்பும் வணிகர், நெடுநாள் கொந்தளிப்புக்குப் பின் தாம் அறியாமலேயே வேறொருவராக முடிவெடுக்கிறார் என்பது இதன் பொருள்.

ஆகவே தளர்வுக்கான முதல் வேலை சந்தை திறக்குமுன் செய்யப்பட வேண்டியது. நிச்சயமின்மையின் அளவைத் தம் கையால் குறைத்துக்கொள்வதே அது. எத்தனை லாட் (வணிகத்துக்கென வகுக்கப்பட்ட தொகுதி) வாங்குவது என்பதைக் கையிருப்பைப் பார்த்து முன்னரே வரையறுத்தல், விலை குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் தானாக விற்று வெளியேறும்படி ஸ்டாப் லாஸ் ஆணை இட்டுவைத்தல், ஒரு நாளில் இவ்வளவுக்குமேல் இழந்தால் திரையை அணைத்துவிடுவது என்று எல்லை வகுத்தல் ஆகிய மூன்றும் இடர் மேலாண்மைப் பாடங்களாக மட்டுமே கற்பிக்கப்படுகின்றன. உண்மையில் அவை உடலுக்கான மருந்தும்கூட. சந்தையே இத்தகைய ஓய்வைத் தனக்கு விதித்துக்கொண்டுள்ளது. குறியீடு 10, 15, 20 விழுக்காடு என்ற எல்லைகளைத் தொட்டால் வணிகத்தை நிறுத்தும் சர்க்யூட் பிரேக்கர் முறை இந்தியாவில் 2001 முதல் நடைமுறையில் உள்ளது. 2020 மார்ச் 23 அன்று தொடக்க வணிகத்திலேயே 10 விழுக்காடு சரிந்ததால் 45 நிமிடங்கள் எல்லாம் நிறுத்திவைக்கப்பட்டன. தரகு நிறுவனங்கள் சில, வாடிக்கையாளர் தம் கணக்கைத் தாமே தற்காலிகமாகப் பூட்டிக்கொள்ளும் கில் ஸ்விட்ச் வசதியை அளிப்பதும் இதே நோக்கத்தில்தான்.

இரண்டாவது வேலை சந்தை நேரத்துக்குள் செய்ய வேண்டியது. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் வழியாக அது மட்டுப்படுவதும் உடலின் இயல்பு. வெளிமூச்சை உள்மூச்சைவிட நீளமாக்கி, நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சு என்ற கதியில் சில நிமிடங்கள் மூச்சுவிட்டால், இந்த இயல்பு வணிகருக்குத் துணைநிற்கும். ஆணை இடுவதற்கு முன்பும், ஸ்டாப் லாஸ் அடிபட்டவுடன் விட்டதைப் பிடிக்கும் வேகத்தில் அடுத்த ஆணைக்குக் கை நீளும்போதும் இதைச் செய்வது மிகுந்த பயன் தரும். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் நூலாக வெளியிட்ட தசைத் தளர்வு முறையும் நாற்காலியிலேயே செய்யத்தக்கது. மவுஸைப் பிடித்திருக்கும் முன்கை, காதை நோக்கி உயர்ந்துவிட்ட தோள், கடித்துப் பிடித்த தாடை என்று ஒவ்வொன்றாகச் சில நொடிகள் இறுக்கிப் பின் விடும்போதுதான், அவை அதுவரை இறுகியிருந்ததையே பலர் உணர்கின்றனர்.

மூன்றாவது வேலை இரவுக்கானது. கார்ட்டிசால் இயல்பாக விடியலையொட்டி உயர்ந்து, இரவில் தாழ வேண்டியது. ஆனால் கமாடிட்டி எனப்படும் பண்டச் சந்தை இரவு பதினொன்றரை வரையிலும், நிஃப்டி குறியீட்டை ஒட்டிய கிஃப்ட் நிஃப்டி வணிகம் நள்ளிரவைத் தாண்டி 2.45 வரையிலும் நடப்பதால், கைபேசி வைத்திருப்பவருக்குச் சந்தை மூடுவதே இல்லை. நடைப்பயிற்சிக்கும் தியானத்துக்கும் நேரம் ஒதுக்கிவிட்டு, படுக்கையில் அமெரிக்கச் சந்தையின் போக்கைப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒரு கையால் கட்டியதை மறுகையால் அவிழ்க்கிறார். இரவில் முடிக்காமல் வைத்திருக்கும் வணிகம், அதாவது பொசிஷன், உறக்கத்தைக் கெடுக்கிறது என்றால், அதன் அளவைக் குறைப்பதே உறக்கத்துக்கான வழி.

இவை எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. இந்தியப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமே கண்டனர். கட்டணங்களையும் சேர்த்துத் தலைக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய் போயிற்று. மூச்சுப்பயிற்சி பதறிய கையை நிதானப்படுத்துமே தவிர, பாதகமான கணக்கைச் சாதகமாக்காது. மாதந்தோறும் தேய்ந்துவரும் கணக்கை வைத்துக்கொண்டு மன அமைதிக்கு வழி தேடுபவர், முந்தைய பன்னிரண்டு மாதங்களின் இலாப நட்ட அறிக்கையைத் தரகு நிறுவனத்திடமிருந்து எடுத்து, கட்டணம், வரி உட்பட ஒருமுறை முழுமையாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டல் இந்த வணிகத்தை விட்டு விலகச் சொன்னால், விலகுவதைவிடச் சிறந்த தளர்வுப் பயிற்சி அவருக்கு வேறில்லை.

(தொடரும்)