உடம்பு இளைக்கப் பட்டினி வேண்டாம்

"குண்டு" என்று யாரோ கேலி செய்வார்கள். உடனே சிலர் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடுவார்கள். இது சரியா?

2019-21இல் நாடு முழுவதும் குடும்ப நல ஆய்வு நடந்தது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 24 பேருக்கு எடை அதிகம். ஆனால் 57 பேருக்கு இரத்தசோகை. எடை கூடியவருக்கும் இரத்தசோகை இருக்கலாம். பட்டினி கிடந்தால் அவர் இன்னும் சோர்ந்து போவார். கொழுப்போடு தசையும் கரையும்.

வேறு என்ன வழி?

எண்ணெய்ப் பலகாரத்தையும் சர்க்கரையையும் குறையுங்கள். பருப்பு, கீரை, காய்கறி சாப்பிடுங்கள்.

தினம் 30 நிமிடம் வேகமாக நடங்கள். வாரத்தில் 5 நாள் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும். மூச்சு முட்டினால் வேகத்தைக் குறையுங்கள். நாள் முழுக்க நாற்று நட்டீர்களா? அன்று தனியாக நடக்க வேண்டாம். அதுவே பயிற்சி.

மீதி 2 நாள் ஓய்வு எடுங்கள். ஓய்வு சோம்பல் அல்ல. உழைத்த தசை ஓய்வில்தான் பலப்படும்.

வாரம் அரைக் கிலோ குறைந்தால் போதும். தினமும் எடை பார்த்துக் கவலைப்படாதீர்கள். கர்ப்பிணிகள் எடை குறைக்க முயலக் கூடாது. சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஒல்லியாவது நம் நோக்கம் அல்ல. தெம்பாக இருப்பதே நோக்கம்.