வீட்டுக் கணினிக்கு லினக்ஸ்

கணினி நம் புதுச்சேரிக் கிராமங்களுக்குப் புதிதன்று. 1998-ஆம் ஆண்டிலேயே வில்லியனூரை மையமாகக் கொண்டு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத் தகவல் நிலையங்களை அமைக்கத் தொடங்கியது. கணினி வழியே வந்த கடல் அலை நிலவரம் வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி மூலம் மீனவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. அன்று ஊருக்கு ஒன்றாக இருந்த கணினி இன்று விவசாயக் குடும்பங்கள் பலவற்றில் இருக்கின்றது. பிள்ளையின் படிப்புக்காக வாங்கியதாகவோ, சர்க்கார் இலவசமாக அளித்ததாகவோ அது இருக்கும். பிள்ளை வேலைக்குச் சென்றதும் அது பரண்மேல் ஏறிவிடுகிறது.

இந்தப் பழைய யந்திரங்களுக்கு இப்போது ஓர் இடையூறு நேர்ந்துள்ளது. அவற்றுள் பலவற்றை இயக்கி வந்த விண்டோஸ் 10 என்னும் மென்பொருளுக்கான பொதுப் பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகிப்பாளருக்கு மட்டும் ஓராண்டுத் தவணை தந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். ஏறத்தாழ 2018-க்கு முற்பட்ட கணினிகள் பெரும்பாலும் அதற்குத் தகுதி பெறுவதில்லை. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் நெல் விற்ற பணத்தை வைப்பதற்கு ஒப்பாகும். புதிய மடிக்கணினி வாங்கலாம் என்றால் முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் என்கிறார்கள். அது ஒரு கறவை மாட்டின் விலை.

இந்நிலையில் செலவின்றிக் கிடைக்கும் வழி ஒன்றுண்டு. அதுவே லினக்ஸ்.

கணினியின் உறுப்புகளை எல்லாம் ஒழுங்குபடுத்தி வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். விண்டோஸ் ஓர் இயங்குதளம், லினக்ஸ் மற்றொன்று. இதன் கருவை 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி, எவரும் பார்க்கவும் திருத்தவும் வெளியிட்டார். நம் முன்னோர் ஏரியைக் குடிமராமத்து முறையில் ஊரே கூடிக் காத்தனர் அல்லவா? இதுவும் அவ்வாறே உலகெங்கும் உள்ளவர்களால் பராமரிக்கப்படுகிறது. ஏரித் தண்ணீராவது எடுக்க எடுக்கக் குறையும், இது குறைவதில்லை. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கருவே. ஆகவே இதனை அயலானாகக் கருத வேண்டுவதில்லை.

லினக்ஸ் கற்றவர்க்கே உரியது என்ற எண்ணம் இன்னும் நிலவுகிறது. ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. ஆங்கிலக் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும், அச்சுப்பொறி இணங்காது, தமிழ் எழுத்துகள் வெறுங்கட்டங்களாகத் தெரியும். 2004-இல் உபுண்டுவும், பிரெஞ்சுக்காரர் ஒருவர் தொடங்கிய லினக்ஸ் மின்ட் 2006-இலும் வந்த பின் நிலைமை படிப்படியாக மாறிற்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கு இடமளித்து பாஸ் லினக்ஸை 2007-இல் வெளியிட்டது. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்க்கு அளித்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இதுவும் இருந்தது. எனினும் அதைத் திறந்துகூடப் பாராத மாணவர் பலர். பொருளைக் கொடுத்தோமே தவிர வழிகாட்டுவாரைக் கொடுக்கவில்லை என்பது என் கருத்து. கேரளத்தில் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி அளித்தார்கள். அங்குள்ள அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் வேரூன்றிவிட்டது. சொல்தா குடும்பங்கள் வாழும் நம் ஊரில் இன்னொன்றையும் கூறலாம். பிரான்சு நாட்டு ழாந்தார்ம் காவல் படை 2008 முதல் தன் பல்லாயிரம் கணினிகளை உபுண்டுவுக்கு மாற்றிக்கொண்டது.

லினக்ஸை நிறுவுமுன் சோதித்துப் பார்க்க இயலும் என்பதே இதன் பெருஞ்சௌகரியம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். இணைய வசதியுள்ள வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட் கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். அதைச் சாதாரணமாக நகல் எடுத்தால் பயன் இராது; எட்சர் போன்ற அதற்கென உள்ள சிறு மென்பொருளால் பென்டிரைவில் எழுத வேண்டும். பிறகு பழைய கணினியில் அதைச் செருகி, தொடக்கத்தில் எஃப்12 போன்ற உரிய விசையை அழுத்தினால் லினக்ஸ் பென்டிரைவிலிருந்தே இயங்கும். உள்ளேயிருக்கும் வன்தட்டு தொடப்படுவதில்லை. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி எழுதுகிறதா என்று நிதானமாகப் பார்க்கலாம். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் சற்று மந்தமாகவே இருக்கும். அதைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது.

மனநிறைவு ஏற்பட்டால் நிறுவலாம். அதற்குமுன் பட்டா, பத்திர நகல்கள், குடும்பப் புகைப்படங்கள் முதலியவற்றை வேறிடத்தில் சேமித்துவிடுதல் இன்றியமையாதது. வன்தட்டு முழுவதையும் அழித்து நிறுவும் வழியும் அதில் உண்டு; அவசரத்தில் அதைத் தேர்ந்துவிட்டால் விண்டோஸும் கோப்புகளும் போய்விடும். விண்டோஸைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நிறுவுவது புதியவர்களுக்கு உகந்தது. பெரும்பாலும் அரைமணி நேர வேலைதான். பயர்பாக்ஸ் உலாவியும், கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆபீஸும் உடன் வருகின்றன. அமைப்புகளில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் மனுக்களைத் தமிழிலேயே எழுதலாம். நினைவகம் 2 ஜிபி மட்டும் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வகையைக் கொள்க.

குறைகளையும் மறைத்தல் கூடாது. கடைக்காரர் உபயோகிக்கும் டேலி கணக்கு மென்பொருள் லினக்ஸில் நேராக ஓடாது. சில பழைய லேசர் அச்சுப்பொறிகள் பிடிவாதம் செய்யும். வேர்டில் செய்த அட்டவணைகள் சிறிது இடம்பெயர்ந்து தெரிவதுண்டு. பஞ்சாயத்து உறுப்பினர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மின் கையொப்பம். அதற்கான கருவி லினக்ஸில் இயங்குமா என்பதை முன்னரே உறுதி செய்யாமல் அலுவலகக் கணினியில் கை வைக்கலாகாது. மேலதிகாரியின் அனுமதியும் வேண்டும். முதலில் வீட்டுக் கணினி, பிறகு நூலகக் கணினி என்ற வரிசையே நல்லது.

உதவிக்கு வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும், விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவும் உள்ளன. 2012-இல் தொடங்கப்பட்ட கணியம் மின்னிதழில் தமிழ் விளக்கங்கள் கிடைக்கின்றன. பள்ளி விடுமுறையில் ஒரு நாளைக் குறித்து, பரண்மேல் உள்ள கணினிகளைச் சமுதாயக் கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, விவரம் அறிந்த இளைஞர் இருவரைக் கொண்டு ஒரே பென்டிரைவால் எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். எவை ஓடுகின்றன, எவற்றில் வைஃபை கிடைக்கவில்லை என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால் பழுது பார்ப்பவரிடம் பேசச் சுலபமாக இருக்கும்.