பால் இல்லை என்று யார் சொன்னது?

“எனக்குப் பாலே ஊறலீங்க!” சங்க வேலையாக லயத்துக்கு லயம் போகையில் நாம் கேட்ட குறை இது. குறை தாயின் உடம்பில் இல்லை. முன்பு பல ஆஸ்பத்திரிகளில் பிள்ளையைப் பிரித்து வேறு அறையில் போட்டு, புட்டிப்பால் கொடுத்தார்கள். பிள்ளை சப்பச் சப்பத்தானே பால் ஊறும்?

சீனி கலந்த டின்பாலைக் குழந்தைக்கு ஏற்றதென்று பரப்புவது கொலைக்குச் சமம் என்று 1939-லேயே சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் கண்டித்தார். 1998-க்குள் மலேசிய அரசு மருத்துவமனைகள் குழந்தை நேய மருத்துவமனைகளாயின. தாயும் சேயும் சேர்ந்திருப்பது அங்கே விதி.

ஆகவே தாய்மார்களே, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போடும்படி தாதியிடம் கேளுங்கள். மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். 2023 முதல் பேறுகால விடுப்பு 98 நாள். பெரட்டுக்கு அவசரம் வேண்டாம். விடுப்பைக் கேட்டு வாங்குங்கள். அது பிள்ளையின் பங்கு!