நீலகண்ட பிரமசாரி

எழுமலை முதலிய ஊர்களினின்றும் மதுரைக்குப் போந்து பயிலும் நம் மாணவர், தூத்துக்குடிக்கு ரயிலேறுங்கால் மணியாச்சிச் சந்திப்பைக் கடப்பர். 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி காலை, திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரை, கொடைக்கானலிலிருந்த தம் மக்களைக் காண்டற்கு மனைவியாருடன் புறப்பட்டு, அந் நிலையத்தில் வண்டியில் வீற்றிருக்கையில் சுடப்பட்டு இறந்தார். சுட்ட வாஞ்சிநாதரும் ஆங்கேயே தம்மைச் சுட்டுக்கொண்டு மாண்டார்.

இஃது யாவரும் அறிந்ததே. ஆயின் அவ் வழக்கில் முதலாம் எதிரியாக நின்றவர் யாவர் என வினவின், விடை கூறுவார் சிலரே. அவர் சீகாழியை அடுத்த எருக்கூரில் 1889-இல் பிறந்த நீலகண்டர். புதுச்சேரியில் 'சூரியோதயம்' என்னும் பத்திரிகையை நடத்தியவர். 1910-இல் தென்காசி, செங்கோட்டை, ஒட்டப்பிடாரம் முதலிய ஊர்களிற் சுற்றி இரகசியச் சங்கம் அமைத்தார். காளி படத்தின் முன் குங்கும நீரைப் பருகி, இரத்தத்தால் விரற்குறி இட்டு இளைஞர் சபதம் செய்தனரென அப்ரூவராக மாறியோர் சாட்சியம் பகர்ந்தனர். சபதம் செய்தவரே சாட்சியாக மாறியது, இரத்தக் கையெழுத்தின் உறுதி எத்துணை என்பதைக் காட்டுகின்றதன்றோ!

கொலை நிகழ்ந்த அன்று நீலகண்டர் மணியாச்சியில் இல்லை. தனியொரு வெள்ளையரைக் கொல்லுதல், தாம் எண்ணிய பெருங் கிளர்ச்சியைக் கெடுக்கும் என்பது அவர் கருத்தென்பர். எனினும் சபதத்தைக் கற்பித்தவர் அவரே. துப்பாக்கி அவருடைய கட்டளைக்குக் காத்திருக்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் வெயிட், அய்லிங், சங்கரன் நாயர் என்னும் நீதிபதிகள் மூவர் முன்னிலையில் பதினால்வர் விசாரிக்கப்பட்டனர். 1912-இல் ஒன்பதின்மர் தண்டிக்கப்பட்டனர். நீலகண்டருக்கு விதிக்கப்பட்டது அரசுக்கு எதிரான சதிக்காக 7 ஆண்டுக் கடுங்காவல். ஏனையோர் பெற்றவை அதனிற் குறைந்தவை. அப்பொழுது அவருக்கு வயது 22.

சிறையினின்றும் ஒருமுறை தப்பியோடிப் பிடிபட்டார். 1919-இல் விடுதலை பெற்றார். ஊரார் அஞ்சி ஒதுங்கினர். உணவுக்கும் வழியின்றித் திரிந்தார். பின்னர்ப் பொதுவுடைமைக் கொள்கையிற் புகுந்து 1922-இல் மறுபடியும் சிறைப்பட்டு, 1930-இல் வெளிவந்தார். இருபது வயது முதல் நாற்பது வயது வரையுள்ள காலத்திற் பெரும்பகுதி கம்பிகளுக்குள்ளேயே கழிந்தது.

அதன்பின் அவர் எவ்வியக்கத்திலும் சேரவில்லை. காவி உடுத்து, மைசூர் நாட்டு நந்திமலைச் சாரலில் ஓம்கார் சுவாமிகள் எனப் பெயர்பூண்டு வாழ்ந்தார். 1978-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தம் 88-ஆம் வயதில், ஆங்கே மறைந்தார்.